இலைச்சாறும் இரும்புத்துகளும்

"இலைச்சாற்றிலிருந்து புற்றுநோய்க்குக் காந்த மருந்து செய்கிறார்களாமே, சாமி?" என்று பண்ணைப்புரம் பகுதிக் குடும்பங்களில் நம்மைக் கேட்பவர் உண்டு. செய்தியில் உண்மை இருக்கிறது. ஆயினும் வாய்க்கு வாய் மாறி வருகையில் அதன் முக்கியமான பாதி உதிர்ந்து விடுகிறது.

புற்றுக்கட்டியின் உயிரணுக்கள் 42 முதல் 45 பாகை செல்சியஸ் சூட்டில் நலிவடைகின்றன. அந்நிலையில் கதிர்வீச்சும் மருந்தும் அவற்றை எளிதில் தாக்கும். உடல் முழுவதையும் அவ்வளவு சூடேற்றுதல் ஆபத்து; கட்டியை மட்டுமே சூடேற்ற வேண்டும். அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் என்ற மருத்துவரும் குழுவினரும் 1957-இல் இதற்கு வழி காட்டினர். இரும்பு ஆக்சைடுப் பொடியைத் திசுக்களில் சேர்த்து, ஓயாமல் திசை மாறும் காந்தப்புலத்தில் வைத்தால், பொடி தங்கிய இடம் சூடாகும்.

பின்னர் பெர்லினில் ஆந்திரேயாஸ் யோர்டான் குழுவினர் இதனை நோயாளியிடம் கொண்டு வந்தனர். தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான துகள்களை மூளைக்கட்டிக்குள் செலுத்தி, நொடிக்கு ஓர் இலட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தைச் செலுத்தினர். பல்லில் உலோகம் அடைத்தவர்கள் அதை முதலில் அகற்ற வேண்டியிருந்ததாம்! 2010-இல் ஐரோப்பாவில் இம்முறைக்கு அனுமதி கிடைத்தது. கட்டி மீண்டும் தலைதூக்கிய 59 பேருக்குக் கதிர்வீச்சோடு சேர்த்து இதனை அளித்ததில், கட்டி மீண்ட பின் பாதிப்பேர் 13 மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்தனர் என 2011-இல் அறிக்கை வந்தது. சிறு ஆறுதல்தான், முழுக்குணம் அன்று.

இதில் இலைக்கு என்ன வேலை? நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்துக் கறுப்பு மை காய்ச்சினர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதே அதன் இரகசியம். அதே இயல்பைத்தான் ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். இரும்பு உப்புகளின் கரைசலில் காரம் சேர்த்தால் காந்தத்துகள் படியும். இலைச்சாற்றின் துவர்ப்புப் பொருள் அத்துகள்மேல் போர்வையாய்ப் படர்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. நச்சு இரசாயனமும் குறைகிறது. மலைக்கு அப்பால் கொச்சியில், அமிர்தா நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் திராட்சை விதையின் துவர்ப்புப் பொருளைக் கொண்டு, தங்கம் சேர்ந்த காந்தத்துகளை உருவாக்கினர். அது சூட்டுச் சிகிச்சைக்கன்று, உடலுள் படமெடுப்பதற்கு. கம்பம் பள்ளத்தாக்கில் நாம் துப்பியெறியும் விதைக்கு இப்படியும் ஒரு மதிப்பு!

இடர்ப்பாடும் இலையிலேயே இருக்கிறது. மண்ணும் பருவமும் மாறினால் சாறும் மாறும். துகளின் அளவும் மாறும். அளவு மாறினால் சூடும் மாறிவிடும். மூளைக்குள் ஓரிரு பாகை கூடுதல் என்பது விளையாட்டன்று. ஆகவே இலைவழித் துகள்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக் குடுவையிலும் எலிகளிலுமே சோதிக்கப்படுகின்றன.

உதிர்ந்துபோன பாதி இதுதான்: சூடு தருவது இலையன்று, காந்தப்புலம். அதே இலையை அரைத்துக் குடித்தால் வயிற்றில் காந்தம் உண்டாகாது. ஆயினும் இச்செய்தியைச் சொல்லியே கஷாயம் விற்பவர்கள் வருவார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கதிர்வீச்சைத் தொடங்கியவர் அதனைப் பாதியில் விட்டுவிட்டால், அடங்கிய கட்டி மீண்டும் வளரக்கூடும். ஏற்கெனவே கஷாயம் குடிப்பவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தோடு முரண்பட்டுக் கல்லீரலைப் பாதிக்கும். செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்து மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.