சர்க்கரைக்குள் பச்சை மிளகாய்

மைசூர்ப்பாகு தின்ற வாய்க்கு உடனே ஒரு பிடி காராபூந்தி கேட்கும். நம்மவர் எல்லோருக்கும் உள்ள சபலம் இது. ஆனால், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அவை வரவேண்டும்; இரண்டும் ஒரே பண்டத்துக்குள் குடித்தனம் செய்யலாகாது என்பது நமது சமையற்கட்டின் எழுதாச் சட்டம். காரடையான் நோன்பன்றுகூட வெல்ல அடையும் உப்படையும் தனித்தனியாகத்தானே வேகின்றன!

அந்தச் சட்டத்தை மீறிய பலகாரம் ஒன்றைப் பெங்களூரில் கண்டோம். பஸவன்குடிப் பக்கத்தில் ஓர் ஐயங்கார் பேக்கரி. உட்கார நாற்காலி கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், வீதியில் நின்றபடியே எல்லோரும் தின்கிறார்கள். ஹைகோர்ட்டு வக்கீல் போன்ற ஒருவரும், அவருடைய காரை ஓட்டிவந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தினுசு பன்னைக் கடித்துக் கொண்டிருந்த காட்சி நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாம் கேட்டது காரப் பிஸ்கோத்து. பார்வைக்குச் சாதாரண வெண்ணெய்ப் பிஸ்கோத்துத்தான். உற்றுப் பார்த்தால் பச்சை மிளகாய்த் துணுக்கும் கறிவேப்பிலையும் தெரியும். வாயிலிட்டதும் முதலில் வெண்ணெய் மணம், அடுத்து ஐயத்துக்கு இடமில்லாத தித்திப்பு. "அப்பா, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்!" என்றாள் நம் வீட்டுச் சிறுமி. அவள் சொல்லி முடிப்பதற்குள் மிளகாய் வந்து சேர்ந்தது. கண்ணில் நீர் தளும்ப அவள் செய்த அடுத்த காரியம், இன்னொன்றுக்காகக் கையை நீட்டியதுதான்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. காரத்தை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணினாலும், உடற்கூறு வல்லார் அதனைச் சுவை என்று ஒப்புவதில்லை. சூட்டையும் வலியையும் அறியும் நரம்புகளே அதை உணர்கின்றன. மிளகாயில் உள்ள காப்சாய்சின் என்னும் பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகையால் வெண்ணெய் அதனைச் சற்று நேரம் மறைத்து வைத்துக் கொள்கிறது. அதற்குள் சர்க்கரை தன் கச்சேரியை முடித்துக் கொள்கிறது. உப்பின் வேலையோ இன்னும் நுட்பமானது. சிறிதளவு உப்பு, கசப்பை அடக்கித் தித்திப்பை எடுத்துக் காட்டும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடும் பாட்டிமார் இதை எந்தக் கலாசாலையிலும் படிக்கவில்லை.

இப்பண்டத்தைக் கண்டவர்கள், ரொட்டியைத் தொடவே அஞ்சிய ஒரு சமூகத்தார் என்பதுதான் வேடிக்கை. 1809-இல் பெங்களூரில் பட்டாளத்தார் வந்து தங்கிய பிறகு அங்கே ரொட்டி அடுப்புகள் பெருகின. ஆசாரக் குடும்பங்களுக்கோ அந்த ரொட்டி ஆகாது. கேக்கில் முட்டை, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கக் கள் வார்ப்பதும் அந்நாளில் தென்னாட்டு வழக்கம். கர்நாடகத்து ஹாஸன் ஜில்லாவிலிருந்து வந்த ஐயங்கார்கள் இந்த இடத்தில்தான் புகுந்தார்கள். கன்னடம் கலந்த தமிழை இன்றும் வீட்டில் பேசுகிறவர்கள் அவர்கள். திருமலாச்சார் என்பவர் தம் சகோதரருடன் 1898-இல் சிக்கப்பேட்டையில் வைத்த கடையே இந்த வம்சத்துக்கு மூலம் என்றும், அடுப்பு வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர் என்றும் கூறுவார்கள்.

அடுப்பு வெள்ளைக்காரருடையது, உள்ளே போனதோ நம் அரிவாள்மணையில் நறுக்கியது. முட்டையை விலக்கியவர்கள் மிளகாயையும் கொத்துமல்லியையும் தேங்காயையும் பிடித்துக் கொண்டார்கள். விலக்கு இல்லாதிருந்தால் அவர்களும் எல்லோரையும் போல நல்ல பிளம் கேக் செய்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம். பலகையில் எழுதிய ஜாதிப் பெயர் அன்று தின்பவரின் ஆசாரத்துக்கு ஜாமீன் நின்றது. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட அதே பலகை தொங்குகிறது. உள்ளே நிற்பவர் பல இடங்களில் வேறு குலத்தவர், யாரும் கேட்பதுமில்லை. நல்லதுதான்!

மற்றவற்றையும் விடவில்லை. காரப் பன்னில் வெங்காயத்தோடு சதகுப்பைக் கீரை. நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாக மட்டும் நினைவுக்கு வரும் சதகுப்பை, கன்னட நாட்டில் அன்றாடக் கறி. மிருதுவான பன்னின் தித்திப்போடு அந்த வாசனை ஒட்டவில்லை என்பது நம் கட்சி. வீட்டம்மாளின் கட்சி நேர் எதிர். தில்பஸந்த் என்பது தேங்காய்ப் பூரணத்தை இரண்டு வட்டங்களுக்கு நடுவே வைத்துச் சுட்டது. சோமாசியின் பணக்காரத் தம்பி என்று சொல்லலாம். தேன் கேக்கில் தேனைவிடச் சர்க்கரைப் பாகுதான் அதிகம். மேலே பழப்பாகும் தேங்காய்த் துருவலும். நம் சிறுமி அதில் ஒரு விள்ளலும் காரப் பிஸ்கோத்தில் ஒரு கடியுமாக மாற்றி மாற்றித் தின்றாள்.

ஊருக்கு வாங்கி வர விரும்புவோர் பிஸ்கோத்தையே வாங்குக. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். பன்னை அன்றைக்கே, அங்கேயே, நின்றுகொண்டே தின்றுவிட வேண்டும்.