நிலத்தின் ஏடுகளும் கணிப்பொறியும்

தோற்றுவாய்

ஆலங்காயத்திலிருந்து சவ்வாது மலைமேல் ஏறும் சாலையில் காவலூர் உள்ளது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கு அமைந்திருப்பதைத் தமிழகம் நன்கறியும். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. மறைப்பு நேர்வதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூர்த் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்னும் கண்டுபிடிப்புக்கு அப்பதிவும் ஒரு சான்றாயிற்று. சில நொடி மங்கலைக்கூட விடாது குறித்துவைத்த கவனத்தின் பயன் அது.

அம்மலையடிவாரத்தில் நாம் கண்ட மற்றொரு காட்சியும் உண்டு. ஆலங்காயத்தை அடுத்த சிற்றூரில் உறவினர் ஒருவரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைக் காணச் சென்றிருந்தோம். நீர் கிட்டவில்லை. எத்தனை அடி சென்றது என வினவினோம். உரிமையாளர் ஒரு கணக்குச் சொன்னார். வண்டிக்காரர் வேறொரு கணக்குச் சொன்னார். எந்த ஆழத்தில் பாறையின் நிறம் மாறியது என்பதற்கு எவரிடமும் விடை இல்லை. "தண்ணீர் வராத குழிக்குக் கணக்கு எதற்குத் தம்பி?" என்றார் அப்பெரியவர். துளையிலிருந்து வெளிவந்த பாறைத்துகள் அருகே குவிந்து கிடந்தது. அடுத்த மழையில் அதுவும் கரைந்துபோயிருக்கும்.

வானத்தின் ஒளியைக் கணக்கிட்டுக் காத்த அதே மண்ணில், காலடியில் உள்ள நிலத்தின் சான்று கேட்பாரற்று அழிவது ஏன்? அச்சான்றுகளைக் காக்கும் முறை யாது? கணிப்பொறி மென்பொருள் அதற்கு எவ்வாறு துணைபுரிகின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நிலத்தின் இயல்பு

சவ்வாது மலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சார்னோகைட், நைஸ் ஆகிய கடும்பாறைகள் மிகுதி. சார்னோகைட் என்னும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆனது. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் இப்பாறையை ஆராய்ந்த டி.எச். ஹாலந்து, அக்கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்கும் இட்டார். மேற்கே ஏலகிரி சயனைட் என்னும் வேறு பாறையால் ஆனது. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் கார்பனடைட் என்னும் அரிய பாறை உண்டு. அங்கு வெர்மிகுலைட் என்னும் கனிமமும் கிடைக்கின்றது. இத்தனை வேறுபாடும் சிறியதொரு பரப்புக்குள் அடங்கியிருப்பது வியப்பிற்குரியது.

கடும்பாறைக்கு ஆற்று மணலைப்போல் நீரை உறிஞ்சிவைக்கும் தன்மை இல்லை. மேலே சிதைந்து தளர்ந்த பகுதியிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆதலின் ஒரு துளையில் நீர் பெருகுவதும், கூப்பிடு தொலைவில் உள்ள மற்றொன்று வறண்டு கிடப்பதும் இங்கு இயல்பு. இதனை மக்கள் நல்லூழ் என்றும் தீயூழ் என்றும் கொள்கின்றனர். உண்மையில் வெடிப்புகள் எத்திசையில் ஓடுகின்றன, எவ்வளவு ஆழத்தில் உள்ளன என்பதே வினா. அதற்கு விடை கூற வல்லவை ஏற்கெனவே இட்ட துளைகளே. நீர் வந்த துளை வெடிப்பு உள்ள இடத்தைக் காட்டுகின்றது. வராத துளை அஃது இல்லாத இடத்தைக் காட்டுகின்றது. இரண்டும் சான்றுகளே.

முதல், கரு, உரி

மாதிரிகளைத் திரட்டும் நெறியைத் தமிழ் மாணவர்க்கு விளக்கப் புதிய உவமை தேடவேண்டுவதில்லை. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்றைக் கூறும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பதை நாம் அறிவோம். மாதிரிக்கும் அவையே முதல். எவ்விடத்தில், எவ்வாழத்தில், எந்நாளில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லாத கல் வெறுங்கல்லே. அதன் நிறம், மணியளவு, கனிமம், ஈரம் ஆகியவற்றைக் கருப்பொருள் எனலாம். அவற்றிலிருந்து ஆய்வாளர் பெறும் கருத்து உரிப்பொருள் போல்வது. முதல் பிழைத்தால் உரி நில்லாது. குறிஞ்சியின் பாடலை நெய்தலில் வைத்துப் பொருள் காண முயல்வது போன்றதே இடம் மாறிய மாதிரியை ஆராய்வதும்.

நான்கு பட்டியல்கள்

துளைச் செய்திகளைக் காக்கும் மென்பொருள்கள் பல உள. ராக்வொர்க்ஸ், சர்பேக், மைக்ரோமைன், லீப்ஃபிராக் முதலியன அவற்றுள் சில. பெயர்கள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. செய்திகளை நான்கு பட்டியல்களாகப் பிரித்து, துளையின் அடையாள எண்ணால் அவற்றைப் பிணைப்பதே அம்முறை.

முதலாவது வாய்ப் பட்டியல். துளையின் வாய் அமைந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், துளையின் மொத்த ஆழம் ஆகியன இதில் இடம்பெறும்.

இரண்டாவது திசைப் பட்டியல். துளை நேராகவே இறங்கும் என நாம் எண்ணுகிறோம். பாறையின் கடுமை மாறுமிடத்தில் அது விலகிச் செல்வதுண்டு. 300 மீட்டர் ஆழத்துளை தொடக்கம் முதலே 5 பாகை சாய்ந்து சென்றால், அதன் அடி ஏறத்தாழ 26 மீட்டர் தள்ளிப்போய்விடும். ஆகவே குறிப்பிட்ட ஆழங்களில் சாய்வையும் திசையையும் அளந்து எழுதவேண்டும்.

மூன்றாவது பாறைப் பட்டியல். 0 முதல் 6 மீட்டர் வரை செம்மண், 6 முதல் 21 வரை சிதைந்த பாறை, 21 முதல் 48 வரை சார்னோகைட் என்றவாறு 'எதிலிருந்து எதுவரை' எனக் குறிப்பது இது. உருளை வடிவில் பாறையை வெட்டி எடுக்கும் துளையாயின் அதன் உறுதியையும் அளப்பர். பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள முறியாத துண்டுகளின் மொத்த நீளம், துளையிட்ட நீளத்தில் எத்தனை விழுக்காடு என்பதே அக்கணக்கு. விழுக்காடு குறையின் வெடிப்பு மிகுதி என்பது பொருள். அணை கட்டுவோர்க்கு அது அச்சம். நீர் தேடுவோர்க்கோ நற்செய்தி.

நான்காவது ஆய்வகப் பட்டியல். ஒவ்வொரு மாதிரியின் எண், அது எடுக்கப்பட்ட ஆழம், வேதியியல் ஆய்வின் முடிவு ஆகியன இதில் சேரும்.

இந்நான்கும் நிறைந்தபின் மென்பொருள் ஆற்றும் முதற்பணி பிழை காண்பதாகும். 120 மீட்டர் துளையில் 135 மீட்டரில் எடுத்ததாக ஒரு மாதிரி எழுதப்பட்டிருப்பின் அது சுட்டிக்காட்டும். 20 முதல் 30 வரை ஒரு பாறை, 28 முதல் 40 வரை வேறொரு பாறை என வரம்புகள் மோதினும், இடையே பகுதி விடுபடினும் எச்சரிக்கும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியரின் உழைப்பை இஃது ஒருவாறு நினைவூட்டுகின்றது. அதன்பின்னரே படம் வரைதல். பல துளைகளை அவற்றிற்குரிய இடங்களில் நிறுத்தி, நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற தோற்றத்தைத் திரையில் காட்டும்.

ஓர் எச்சரிக்கை ஈண்டு இன்றியமையாதது. இரு துளைகளுக்கிடையே உள்ள நிலத்தை எவரும் கண்டிலர். அவ்விடைவெளியை மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகின்றது. அஃது ஊகமே; கண்ட உண்மை அன்று. துளைகள் நெருங்க நெருங்க ஊகம் உண்மையை அணுகும்.

அமானிதமும் அளவையும்

கணிப்பொறி பிழையைக் காணும், வஞ்சனையைக் காணாது. இந்தோனேசியாவின் பூசாங் என்னுமிடத்தில் பெரும் பொற்சுரங்கம் உள்ளதெனக் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. அதன் பங்குகளின் மொத்த மதிப்பு ஒரு கட்டத்தில் 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. பாறை உருளையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் பிற்காலச் சோதனைக்கு வைப்பதே மரபு. அங்கோ முழு உருளையும் பொடியாக்கப்பட்டது. மறுசோதனைக்கு எதுவும் எஞ்சவில்லை. பொடித்த மாதிரிகளில் வெளியிலிருந்து பொற்றுகள் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளியாயிற்று. எளிய மக்கள் பலரின் சேமிப்பு அழிந்தது. பட்டியல்கள் ஒழுங்காகவே இருந்திருக்கலாம். அவற்றுள் எழுதப்பட்டவை பொய். கனிமத் தேட்டத்தின் முடிவுகளைத் தகுதிபெற்ற வல்லுநரின் பொறுப்பிலேயே வெளியிடவேண்டும் என்னும் விதித்தொகுப்பைக் கனடா 2001இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

இன்று மாதிரிகளுக்கிடையே, கனிமம் அற்ற வெற்று மாதிரி, அளவு முன்னரே தெரிந்த மாதிரி, ஒன்றையே இருமுறை அனுப்பும் இரட்டை மாதிரி ஆகியவற்றை மறைவாகச் சேர்த்து ஆய்வகத்தையே சோதிக்கின்றனர். அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் அமைந்துள்ளதை அறிந்த நமக்கு இந்நெறி புதிதன்று. மாதிரி என்பது ஓர் அமானிதம். பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி, மணிகளையும் உலோகங்களையும் நீரில் இட்டு, வழிந்த நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். இந்தியாவில் மலையருகே பெருங்கற்களும், தொலைவில் சிறுகற்களும், ஆற்று முகத்தில் மணலும் இருப்பதைக் கண்டு, இச்சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என்று முடிவு கூறினார். இடமறிந்து மாதிரி நோக்கும் கலையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

நம் கடமை

நம் வட்டாரத்திற்கு இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. தோல் தொழில் இப்பகுதியில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்தது. கல்விக்கூடங்கள் எழவும் கைகொடுத்தது. அத்தொழிலின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நீர் கெட்டதும் உண்மையே. வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனது என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வுமையத்தின் மதிப்பீடு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. எக்கிணறு, எவ்வாழம், எந்நாள் என்னும் குறிப்புடன் நீர் மாதிரிகள் தொடர்ந்து காக்கப்பட்டிருந்தால் கேடு பரவிய வழியை முன்னரே கண்டிருக்கலாம். இனியேனும் எங்கு நீர் தெளிகின்றது, எங்குத் தெளியவில்லை என்பதைப் பழிசுமத்தலுக்கு இடமின்றி எண்களால் பேச இயலும்.

அரசும் இவ்வழியில் செல்கின்றது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நீர்த்தாங்கிகளைப் படமாக்கும் தேசியத் திட்டத்தை மேற்கொண்டது. 1851இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, நிலவியல் தரவுகளுக்கான தேசியக் களஞ்சியத்தை 2023 டிசம்பரில் பொதுப் பயனுக்குத் திறந்தது. ஆயினும் தனியார் நிலங்களில் நாள்தோறும் இடப்படும் துளைகள் பலவற்றின் வரலாறு எங்கும் சேர்வதில்லை.

இக்குறையை மாணவர் ஓரளவு நீக்கலாம். திருச்செங்கோட்டு வண்டி ஊருக்குள் வரும்போது உடன் செல்லுங்கள். இறக்கும் குழாய்த் தண்டுகளை எண்ணி ஆழம் காணுங்கள். ஒவ்வொரு தண்டுக்கும் ஒருபிடித் துகளை எடுத்து, உறையிலிட்டு, இடம், ஆழம், நாள் எழுதுங்கள். நீர் வந்த ஆழத்தைக் குறியுங்கள், வராவிடினும் குறியுங்கள். இடத்தைக் காட்டக் கைப்பேசி போதும். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதில் ஊர்ப்படத்தின்மேல் இத்துளைகளைப் பொருத்தலாம். நிலவியல் கற்ற ஆசிரியர் ஒருவரைப் பாறை அடையாளம் காண அழைத்துக்கொள்ளலாம். பத்துத் துளைகள் ஒரு கதை சொல்லும். நூறு துளைகள் ஓர் ஊரின் நீர்வழியையே சொல்லக்கூடும்.

நிறைவுரை

கடன் வாங்கித் துளையிட்டு வறண்ட குழியைக் கண்டு திரும்பும் உழவரின் துயரை நாம் அறிவோம். அவர் இழந்த பணத்தைக் கணிப்பொறி மீட்டுத் தராது. ஆயினும் அக்குழியின் கணக்கு காக்கப்படின், பக்கத்து நிலத்துக்காரர் அதே பாறையில் அதே இழப்பை அடையாமல் தடுக்கலாம். 'தண்ணீர் வராத குழிக்குக் கணக்கு எதற்கு' என வினவிய பெரியவர்க்கு அன்று நாம் உரிய விடை சொல்லவில்லை. அடுத்தவர்க்காக என்பதே அவ்விடை. இறைவன் மண்ணுக்குள் வைத்த அருளை நாடுவோர், மண் காட்டிய சான்றையும் மதித்துக் காப்பாராக.