இணையக் கல்வியும் கல்லூரி மாணவரும்

இணையத்தின் வழியாகக் கல்லூரிப் பாடங்களைக் கற்பிக்கும் ஏற்பாடுகள் நமது தேசத்தில் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், பாடத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் போதும், கல்வி தானாகவே நடந்தேறிவிடும் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே வேரூன்றி வருவதைக் கண்டு கவலை கொள்ளாதிருக்க முடியவில்லை. பிரசங்கத்தைக் கேட்பது வேறு. விஷயத்தைக் கற்பது வேறு. கேட்கும்போது எழும் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க ஒருவர் இருந்தால்தான் கேள்வி கல்வியாகும்.

தொலைவிலிருக்கும் மாணவனுக்குக் கல்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1962-ம் ஆண்டிலேயே டில்லி சர்வகலாசாலை தபால் மூலம் பாடம் நடத்தத் தொடங்கியது. 1984-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி முதல் சர்வகலாசாலை மானியக் குழு டெலிவிஷன் வாயிலாகக் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. 2004-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. இவற்றுக்கிடையே, 2003-ல், ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்று சேர்ந்து என்.பி.டெல். என்ற திட்டத்தைத் தொடங்கின. 2017-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, ஸ்வயம் என்னும் இணையப் பாட ஏற்பாட்டை அப்போது ராஷ்டிரபதியாயிருந்த பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார்.

இந்த முயற்சிகளால் விளைந்த நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. முன்னொரு காலத்தில் ஐ.ஐ.டி.யின் மதில்களுக்குள் நுழையும் பாக்கியம் பெற்ற சிலர் மட்டுமே கேட்கக்கூடியதாயிருந்த பாடத்தை, இன்று ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு கிராமத்திலிருக்கும் மாணவனும் காசு கொடாமல் கேட்கலாம். இது சாமானியமான காரியமன்று. ஆனால் இத்தனை ஆண்டுகளாக நாம் பெரிதும் கவனம் செலுத்தி வந்தது ஆசிரியரின் குரலை மாணவனிடம் கொண்டு சேர்ப்பதில்தான். மாணவனின் கேள்வியை ஆசிரியரிடம் கொண்டு சேர்க்கும் பாதை இன்றும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது.

இதனால் நஷ்டமடைவோர் யார்? படித்த தகப்பனாரும், பட்டம் பெற்ற தமையனும், பணம் கொடுத்து வைத்த டியூஷன் ஆசிரியரும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நஷ்டமுமில்லை. இணையப் பாடத்தில் விளங்காததை அவன் வீட்டிலேயே கேட்டுக்கொள்வான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைதான் திகைத்து நிற்கிறான். பாடத்தின் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு சூத்திரம் விளங்காமற் போனால், அதற்குப் பின்வரும் ஐம்பது நிமிஷமும் அவனுக்கு வீணே. பதிவை நூறு முறை திருப்பிப் போட்டாலும் அது சொன்னதையே சொல்லுமேயன்றி, வேறு விதமாக விளக்கிச் சொல்லாது.

தனிப்பயிற்சியின் மேன்மையைப் பற்றிச் சிகாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984-ல் வெளியிட்ட கட்டுரை கல்வியாளரிடையே பிரசித்தமானது. தனி ஆசிரியரிடம் பயிலும் நடுத்தர மாணவன் ஒருவன், சாதாரண வகுப்பில் பயில்வோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை மிஞ்சிவிடுகிறான் என்பது அவர் கண்ட முடிவு. பயன் அவ்வளவு பெரிதன்று என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருப்பினும், பயன் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியரை நியமிப்பது எந்தத் தேசத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே அதே பயனைக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்பதே புளூம் எழுப்பிய வினா. அவ்வினாவுக்கு விடைகாணும் சாதனம் இன்று இணையத்தின் உருவில் நம் கையில் இருக்கிறது. அதை நாம் சரிவரப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

சரிவரப் பயன்படுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவமே சான்று. 2011-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் நடத்திய இணைய வகுப்பில் உலகெங்குமிருந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். பழைய கல்லூரிகளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் ஆரவாரம் செய்தனர். 2013-ல் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே ராஜ்ய சர்வகலாசாலை, உடாசிட்டி என்னும் கம்பெனியுடன் சேர்ந்து, கணிதமும் புள்ளியியலும் இணையத்தில் கற்பித்துப் பார்த்தது. தேறியவர் தொகை மிகக் குறைவாயிருந்ததால் அதே ஆண்டு ஜூலையில் அந்தப் பரீட்சார்த்த முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. முன்பே கணிதத்தில் தவறிய மாணவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் பலர் இருந்தனர். இடைவிடாது உழைத்தவர்களே தேறினர் என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சியில் வெளியாயிற்று. துணை அதிகம் வேண்டியவர்களையே தனியே விட்டால் விளைவு இதுதான்.

நம் நாட்டுக்கு இது வெறும் கல்வித் தத்துவ விவகாரமன்று. ஒரு பருவத்தின் பாடங்களில் நூற்றுக்கு இருபது வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்று 2016-ல் மானியக் குழு விதி செய்தது. 2021-ல் அதை நாற்பதாக உயர்த்தியது. ஆகவே இணையப் பாடத்தில் தவறுகிறவன் இனிப் பட்டத்திலேயே தவறுகிறான். அதுமட்டுமன்று. காலியாயிருக்கும் ஆசிரியர் ஸ்தானங்களை நிரப்பாமல், 'இணையத்தில் பாடம் இருக்கிறது, படித்துக்கொள்' என்று மாணவனிடம் கூறிவிட இவ்விதி கல்லூரி நிர்வாகிகளுக்கு வசதியான சாக்காகிவிடக்கூடும். அத்தகைய சிக்கனத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். இணையம் ஆசிரியருக்குத் துணையாக வரவேண்டுமேயன்றி, ஆசிரியர் இல்லாமையை மறைக்கும் திரையாகக் கூடாது.

2020-ம் ஆண்டு மார்ச்சில் கொள்ளை நோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது நாம் கற்ற பாடத்தையும் மறத்தலாகாது. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமக் குடும்பங்களில் நூற்றுக்குப் பதினைந்தில்தான் இணைய வசதி இருந்தது. கணினி இருந்தது நூற்றுக்கு நான்கைந்து குடும்பங்களிலேயே. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவருக்கு மடிக்கணினி வழங்கப்பட்டு வந்தது ஓரளவு கைகொடுத்தது. 2021 தொடக்கத்தில் ராஜ்ய சர்க்கார் கல்லூரி மாணவருக்குச் சில மாதம் இலவச இணைய வசதியும் அளிக்க முன்வந்தது. ஆனால் பலருக்கு அண்ணன் தங்கை எல்லோருக்கும் பொதுவான ஒரு கைப்பேசியே கல்லூரியாயிருந்தது. இன்று கைப்பேசி பெருகிவிட்டது உண்மையே. எனினும் உள்ளங்கையளவு திரையில் பொறியியல் படம் வரைந்து பழக முடியுமா என்பதை அதிகாரிகள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

பாஷைப் பிரச்னை இதனினும் பெரிது. தமிழில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, ஆங்கிலப் பிரசங்கத்தில் விஷயத்தையும் பாஷையையும் ஒருங்கே எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது. என்.பி.டெல். பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் வந்திருப்பது பாராட்டத்தக்கதே. ஆனால் யந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பை, பாடம் அறிந்த ஒருவர் சரிபார்த்தாலன்றி அது குழப்பத்தையே வளர்க்கும். கேள்வியைத் தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெறும் உரிமை மாணவனுக்கு வேண்டும். தாய்மொழியில் கேட்கத் துணிந்தவனே சந்தேகத்தை முழுதும் வெளியிடுவான்.

சர்க்கார் விட்ட இடைவெளியில் வியாபாரம் புகுந்துவிட்டது. தனிப்பயிற்சி தருவதாக விளம்பரம் செய்து, பெற்றோரைக் கடன் பத்திரங்களில் கையெழுத்திடச் செய்யும் கம்பெனிகளைப் பற்றிய புகார்கள் மிகுந்தன. இலவசம் என்ற பேச்சில் மயங்கிவிடாமலும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்துக்கொள்ளச் சம்மதம் தராமலும் இருக்கும்படி 2021 டிசம்பரில் மத்திய கல்வி இலாகாவே ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. எச்சரிக்கை நல்லதே, ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடாமல், கடைச் சோறு கெட்டது என்று சொல்வதால் மட்டும் என்ன பயன்?

இனி, வினாவுக்கு விடை சொல்லும் செயற்கை அறிவு யந்திரங்கள் வந்துவிட்டபடியால் ஆசிரியரே வேண்டியதில்லை என்பாரும் உளர். இவை நள்ளிரவிலும் சலிக்காமல் விடை தருகின்றன என்பது மெய். தவறான விடையையும் அதே நிச்சயத்துடன் தருகின்றன என்பதும் மெய். தவற்றைத் தவறென்று அறிய வல்லவனுக்கு அவை நல்ல கருவி. அதை இன்னும் அறியாத மாணவனுக்கு, அருகில் ஓர் ஆசிரியர் இல்லாவிடில் அவை அபாயமே.

என்ன செய்ய வேண்டும்? நாம் கூறும் யோசனை எளிது. பத்து மாணவருக்கு ஒரு குழு அமைக்கப்படட்டும். முதுகலை மாணவர் ஒருவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து, வாரத்தில் இரண்டு மாலை, அக்குழுவுடன் இணையத்தில் தமிழில் உரையாடி, அவர்கள் சந்தேகங்களைத் தீர்க்கச் செய்யலாம். கடினமான பாடங்களில் இருநூறு முதலாண்டு மாணவருள்ள கல்லூரிக்கு இருபது குழுக்கள். ஒருவர் இரண்டு குழுக்களைக் கவனித்தால் பத்துப் பேர் போதும். என்.பி.டெல். திட்டத்தில் கல்லூரிதோறும் கிளை அமைத்து, வழிகாட்டும் ஆசிரியரை நியமிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அவ்வழிகாட்டிகளுக்கு அதற்கென்று நேரமும் ஊதியமும் ஒதுக்கினால் இப்பத்துப் பேரையும் அவர்களே மேற்பார்வை செய்வர். கல்லூரி நூல்நிலையங்களையும் கணினி அறைகளையும் இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தால், வீட்டில் வசதியற்ற பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். ஊர்ப் பொது நூல்நிலையங்களும் இதில் பங்கு கொள்ளலாம்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பாடங்களைப் பதிவு செய்யவும் செயற்கைக்கோள் ஏவவும் கிடைத்த பணம், பாடம் விளங்கச் செய்வதற்கு மட்டும் கிடைக்காது என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. நூறு பங்கு செலவழித்துக் கட்டிய வீட்டுக்குக் கதவு வைக்க ஒரு பங்கு மறுப்பது போன்றதே அது.

பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டசபையில் இதுபற்றிக் கேள்வி கேட்கச் செய்வதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் தம் ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கேனும், வாரத்தில் ஒரு மணி நேரம், நேரிலோ இணையத்திலோ துணையாயிருக்கலாம். அதற்கு எந்த இலாகாவின் உத்தரவும் வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.