விளக்கின் பின்னே மூன்று தலைமுறை

வேறொருவராக நின்று பேசிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிடுகிறது. மரப்பாச்சிக்குப் பேச்சுக் கொடுக்கும் சிறுமியும், மேல்துண்டைத் தோளிலிட்டு அரசனாகும் சிறுவனும் இதற்குச் சான்று. வயது ஏறினாலும் இவ்வாசை அழிவதில்லை. வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறது. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் இருவர், பலர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகினுள் புகுந்து வேடம் பூண்டு உலவும் கணினி ஆட்டம் ஒன்றை அமைத்தனர். அதன் வழித்தோன்றல்களாகிய இணைய ஆட்டங்களில் இன்று உலகெங்கும் எண்ணற்றோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வடிவெடுத்து உலவுகின்றனர்.

இவ்வாட்டம் சிறுவர்க்கு மட்டுமே உரியது என்பது பெரியோர் பலரின் எண்ணம். உண்மை அவ்வாறன்று. நிக் யீ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான ஆட்டக்காரரைப் பல ஆண்டுகள் வினவித் திரட்டிய செய்திகளை 2006இல் வெளியிட்டார். அவர் கண்டவருள் பதின்பருவத்தினர் நான்கில் ஒரு பங்கினரே. சராசரி வயது 26க்கு மேல். ஆகவே ஒரே படையில் பள்ளி மாணவனும், அலுவலகம் செல்பவரும், பிள்ளை பெற்றவரும் தோளோடு தோள் நிற்க நேர்கிறது. வேடத்தின் பின்னால் யாருக்கு என்ன வயது என்பது தெரிவதில்லை. இத்தகைய கூட்டத்தில் மூத்தோர் பங்கு யாது? இளையோர் பங்கு யாது? ஆட்டத்தின் முறை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எவ்வாறு செல்கிறது?

இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில், சிறுவரும் இளைஞரும் முதியவரும் திரைக்குப் பின்னே கூடி, வேடங்களைப் பகிர்ந்துகொண்டு நடத்தும் ஆட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. அதுவே தோற்பாவைக் கூத்து. அதன் பாட்டு மொழி தமிழ் என்பது, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

தமிழ் அங்கே சென்றது எவ்வாறு என்று நேயர்கள் வியக்கலாம். இடுக்கி மாவட்டத்துக்குத் தமிழர் கம்பம், போடி மலைப்பாதைகளின் வழியே ஏறித் தேயிலைக்கும் ஏலத்துக்கும் உழைக்கச் சென்றனர். பாலக்காட்டிலோ மலையே வழி விட்டு நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகியிருக்கிறது. காற்றும் மழையும் வணிகரும் நெசவாளரும் புலவரும் அக்கணவாயின் வழியே வந்து போயினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஆட்சி எல்லை ஒரு நாளில் வரையப்படலாம். பாட்டின் எல்லையை அவ்வாறு வரைய இயலாது.

பாரதப்புழை பாயும் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில், பத்திரகாளி கோயில்களின் முன்பு கூத்துமாடம் என்னும் நீண்ட கட்டடத்தைக் காணலாம். அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் அதில் இரவுதோறும் கூத்து நிகழும். மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் திரை கட்டுவர். அதன் பின்னே வரிசையாகத் தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகள் ஏற்றுவர். மான் தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளின் நிழல் திரையில் விழும். இக்காலத்தில் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பயன்படுகின்றன. கோயிலுக்குக் கோயில் 7, 14, 21 இரவுகள் என முறை வேறுபடும். பஞ்சவடியிலோ சேதுபந்தனத்திலோ தொடங்கும் கதை, இராமனின் முடிசூட்டு விழாவோடு நிறைவுறும். பாடப்படுபவை கம்பராமாயணப் பாடல்கள். அவற்றோடு அச்சு நூலில் இடம்பெறாத சில பாடல்களும் வழங்கி வருகின்றன. பாடலின் பொருளைத் தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விரித்துரைப்பர்.

இக்கூத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் புராணக் கதை சுவையானது. தாரகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராம இராவண யுத்தத்தைப் பத்திரகாளி காண இயலாமற் போயிற்றாம். அக்குறையைத் தீர்க்கவே ஆண்டுதோறும் அப்போரைத் தேவிக்கு நிழலாக ஆடிக் காட்டுகின்றனர் என்பர். மற்றொரு மரபுக் கதை சின்னத்தம்பி என்பவரைப் பற்றியது. கோயிலில் நிகழ்ந்த இராமாயணப் பிரசங்கத்தைக் கேட்கச் சாதியின் பெயரால் இடம் மறுக்கப்பட்ட அவர், எல்லோரும் கேட்குமாறு பாவைகளின் வாயிலாகக் கம்பனை ஒலிக்கச் செய்தார் என்று அக்கதை கூறுகிறது. வரலாறு எவ்வாறாயினும், கேட்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு என்னும் எண்ணம் இக்கலையின் நினைவில் பதிந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இனி மாடத்தின் உள்ளே சென்று, எந்த வயதினர் என்ன செய்கின்றனர் என்று காண்போம்.

இளையவருக்கு முதலில் வாய்க்கும் பணி சிறு பணிதான். திரி கருகினால் தூண்டவேண்டும், எண்ணெய் குறைந்தால் வார்க்கவேண்டும், தாளம் பிடிக்கவேண்டும், அடுத்து வரும் பாவையை எடுத்துக் கொடுக்கவேண்டும். எடுத்துக் கொடுப்பது எளிதெனத் தோன்றும். முழுக் கதைக்கு 150க்கு மேற்பட்ட பாவைகள் வேண்டும். இராமனுக்கே நிற்கும் பாவை வேறு, அமர்ந்த பாவை வேறு, போர் புரியும் பாவை வேறு. எந்தப் பாடலுக்கு எந்தப் பாவை என்பதை அறியாமல் கை நீட்ட முடியாது. ஆகவே, கதையைக் கற்பிக்கிறோம் என்று எவரும் சொல்லாமலே சிறுவன் கதையைக் கற்றுக்கொள்கிறான். தூக்கக் கலக்கத்தில் செவியில் விழுந்த பாடல்கள், பொருள் விளங்குமுன்பே நாவில் குடியேறிவிடுகின்றன.

அடுத்த நிலை இளைஞருடையது. பாவையைத் திரையோடு பொருத்தி நிழல் கலையாமல் பிடிப்பதும், போர்க் காட்சியில் விரைந்து வீசுவதும் உடல் வலிமையை வேண்டுபவை. ஓர் இரவிலோ, சில மணி நேரத்திலோ முடிகிற வேலையன்று அது. இரவு வெகுநேரம் கழித்துத் தொடங்கி விடியும்வரை நிகழும் ஆட்டத்தில், சிலர் பாட, சிலர் சற்றுக் கண்ணயர்ந்து, முறை மாற்றிக்கொள்வர். இளைஞரின் தோள் இல்லையேல் 21 இரவுகள் தாங்கா.

மூன்றாம் நிலையே கூத்தின் உயிர்நிலை. தேர்ந்த கலைஞரைப் புலவர் என்றே அழைப்பர். ஒரு பாவைக்கு ஒருவரும், எதிர்ப் பாவைக்கு மற்றொருவருமாக நின்று வினா எழுப்பி விடை கூறுவர். வீடணன் அடைக்கலம் புகும் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். பகைவனின் தம்பியை ஏற்கலாகாது என்று சுக்கிரீவனும் சாம்பவானும் மொழிகின்றனர். ஏற்கலாம் என்று அனுமன் வாதிடுகிறான். இத்தகைய கட்டங்களில் புலவர்கள் பாட்டைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை. நீதியும் புராணமும் இலக்கணமும் துணையாகக் கொண்டு வாதத்தை நீட்டுவர். 'ஆடல்பற்று' என்னும் சுவடி மரபு பாடல்களையும் உரைகளையும் காத்து வந்தது உண்மையே. ஆயினும் எதிரில் நிற்பவர் எதைக் கேட்பார் என்பதை எந்தச் சுவடியும் முன்கூட்டிச் சொல்லாது. இளைய புலவர் ஒருவர் மூத்தவருக்கு எதிர்ப்பாவை பிடிக்கும்போது, சுக்கிரீவனின் வினாவாக வருவது உண்மையில் ஆசிரியர் மாணவனுக்கு வைக்கும் தேர்வும் ஆகிறது. விடை தடுமாறினால் மூத்தவரே வேடம் கலையாமல் ஒரு சொல் எடுத்துக் கொடுத்துத் தாங்கலாம். அவமானம் இல்லை, ஆட்டமும் நிற்பதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். பாவைக்கும் அதைப் பேசவைப்பவருக்கும் வயதுத் தொடர்பு இல்லை. முதியவர் ஒருவர் இளங்காளை அங்கதனாகப் பேசலாம். இருபது வயது இளைஞன் படையிலேயே மூத்தவனாகிய சாம்பவானாகப் பேசலாம். திரைக்கு வெளியே இருப்பவர்க்கு அது தெரியாது. இணைய ஆட்டத்திலும் வயது இவ்வாறே மறைகிறது. ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கூத்துமாடத்தில் வயது வெளியே இருப்பவர்க்கு மட்டுமே மறைவு. உள்ளே இருப்பவர்க்கு வெளிப்படை. அருகிலிருப்பவன் சிறுவன் என்பதை எல்லோரும் அறிவர். அதற்கேற்ப அவனுக்குப் பணியும் பாதுகாப்பும் அளிப்பர். இணையத்திலோ உடன் ஆடுபவர்க்கே வயது மறைந்துவிடுகிறது. அங்கே மூத்தவர் பொறுப்பையும், இளையவர் துணையையும் இழக்க நேரலாம். வேடம் தீங்கன்று, வேடத்தின் பின்னே அறிமுகம் அற்றுப்போவதே தீங்கு.

கூத்தைக் காண்போர் எத்தனை பேர்? இவ்வினாவுக்கு விடை பலருக்கு வியப்பளிக்கும். பல இரவுகளில் மாடத்தின் முன்னே ஒருவரும் இருப்பதில்லை. 1996இல் இக்கூத்தைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதனையே தம் ஆராய்ச்சியின் மையமாகக் கொண்டார். வெளியே கேட்போர் இல்லாதபோது, உள்ளே இருக்கும் கலைஞரே ஒருவர்க்கொருவர் அவையாகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. மூத்தவர் கேட்க இளையவர் பேசுகிறார். இளையவர் கேட்க மூத்தவர் பேசுகிறார். கைதட்டலை நாடாத இவ்வொழுக்கமே பாடல்களைக் காத்தது எனலாம்.

எனினும் கைதட்டலின்றிக் கலை வாழலாம். கூலியின்றிக் கலைஞன் வாழ இயலுமா? ஷொறணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதனை நன்கு உணர்ந்தார். 1925இல் பிறந்து 2000இல் மறைந்த அவர், கோயில் மாடத்துக்குள் இருந்த கூத்தை வெளி மேடைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் கொண்டுசென்றார். 21 இரவுகளின் கதையை ஓரிரு மணி நேரத்தில் அடக்கும் வடிவம் உருவாயிற்று. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர், காந்தியடிகளின் வாழ்க்கையையும் பாவைகளில் ஆடிக் காட்டினார். அதற்கடுத்த தலைமுறை இன்னும் ஓர் அடி முன்வைத்தது. பெண்கள் கூத்துமாடத்தில் ஏறாதிருந்த மரபில், இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்கள் குழு ஒன்றை அமைத்தார். பொறியியலாளரோடு கூடி, இயந்திரத்தால் இயங்கும் பாவைகளையும் இக்குடும்பத்து இளைஞர் சோதித்துப் பார்த்தனர்.

இம்மாற்றங்களைக் குறைகூறுவோரும் உண்டு. ஒரு மணி நேர ஆட்டத்தில் நிழலின் அழகு தெரியும். வாதத்தின் ஆழம் தெரியாது. இயந்திரம் பாவையை அசைக்கும், எதிர்வினா எழுப்பாது. இக்கவலையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வெளிமேடை தரும் வருவாயும் மதிப்புமே, இளைஞர் சிலரை இக்கலையில் நிற்கச் செய்கின்றன என்பதும் நியாயமே. கோயில் இரவுகள் புலவரை உருவாக்குகின்றன. வெளிமேடைகள் அவரைக் காப்பாற்றுகின்றன. முதியோர் முன்னதைக் கைவிடாமலும், இளையோர் பின்னதைத் தேடியும் வருவதால் இரண்டும் இன்றளவும் நடைபெறுகின்றன. எந்த ஆட்டக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். விதியை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் வேண்டும். விதியை நீட்டிப் பார்க்கும் இளையோரும் வேண்டும். ஒரு சாரார் மட்டும் எஞ்சினால், ஒன்று ஆட்டம் உறைந்துவிடும், அல்லது கரைந்துவிடும்.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட நமக்கு இக்கூத்தில் மற்றொரு செய்தியும் புலனாகிறது. இப்புலவர்களுட் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவதும் பள்ளியில் பயின்றதும் மலையாளமே. எனினும் கம்பனின் பாடல்கள் ஆயிரக்கணக்கில் அவர்கள் நெஞ்சில் தங்கியுள்ளன. மறுபுறம், தமிழையே வீட்டு மொழியாகக் கொண்டு தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களில், குழந்தைகள் தமிழ் கேட்டால் விளங்கிக்கொண்டு வேறு மொழியில் விடையிறுப்பதைக் காண்கிறோம். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? நாம் மொழியைப் பாடமாக வைத்தோம். அவர்கள் பணியாக வைத்தனர். நம் குழந்தை தமிழைக் கேட்கிறது. அவர்களின் குழந்தைக்குத் தமிழ் தெரியாவிட்டால் அடுத்த பாவையை எடுத்துக் கொடுக்க முடியாது.

எல்லோரும் பாவை பிடிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நவராத்திரிக் கொலுவுக்குக் கதை சொல்லும் பொறுப்பைப் பேத்தியிடம் ஒப்படைக்கலாம். சங்கத்து நாடகத்தில் பாட்டனாரின் வேடத்தைப் பேரனுக்கும், பேரனின் வேடத்தைப் பாட்டனாருக்கும் அளிக்கலாம். பிள்ளைகள் இணைய ஆட்டத்தில் ஈடுபட்டிருந்தால், கதவருகே நின்று கடிந்துகொள்வதைவிட அருகில் அமர்ந்து, 'உன் வேடம் எது? உன்னோடு ஆடுபவர் யார்?' என்று கேட்கலாம். அவ்வினாவைத் தமிழில் கேட்டால், விடையும் ஒருநாள் தமிழில் வரக்கூடும்.

கூத்துமாடத்தில் நள்ளிரவில் எண்ணெய் குறையும்போது, பாடிக்கொண்டிருக்கும் புலவர் எழுந்து செல்வதில்லை. எண்ணெய் வார்க்க ஓர் இளங்கை அருகில் இருக்கும் என்பதை அவர் அறிவார். அந்தக் கைக்கு உரிய இடத்தை நம் வீடுகளிலும் அமைத்துக் கொடுப்பது நம் கடமையாகும்.