ரிம் பெருத்தால் காற்று குறையும்

போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மச்சானின் ஃபார்ச்சூனர் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பெரிய குழிகூட இல்லை. குன்னத்துகால், காரக்கோணம், வெள்ளறடை பக்கத்துச் சாலைகளில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடி ஓடி உண்டாக்கிய, தண்ணீர் நிரம்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத குழிகளில் ஒன்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்க டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. ரிம்மின் உள் விளிம்பும் லேசாக மடங்கியிருந்தது. ஒரே மாதத்துக்கு முன்புதான் 22 இஞ்ச் அலாய் போட்டிருந்தார்.

பஞ்சர் கடை ஆசான் டயரைச் சுற்றி வந்தார். ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரலை வைத்துக் காட்டினார். “மக்கா, இதுல காத்து எவ்வளவு கெடக்குன்னு நீயே பாரு. குழியில விழுறது டயரு இல்ல, ரிம்மு.”

அவர் காட்டிய நான்கு விரல் இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பெரிய அலாய் போட ஆசைப்படுவதில் தவறே இல்லை. ரிம்மை அழகுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, டயரை ‘கடையில் இருப்பது’ என்று விட்டுவிடுவதுதான் தவறு.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களை முதலில் படித்துவிடலாம். ஃபார்ச்சூனரில் வகையைப் பொறுத்து 265/65 ஆர்17, 265/60 ஆர்18 என இரண்டு அளவுகள் வந்திருக்கின்றன. இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது மில்லிமீட்டர் கணக்கு இல்லை, சதவீதம். அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று பொருள். அதாவது 159 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் குறுக்களவு, இஞ்சில்.

இனி மொத்த உயரம். 18 இஞ்ச் என்றால் 457.2 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, சேர்த்து 318. கூட்டினால் 775.2 மி.மீ. அதே கணக்கை 265/65 ஆர்17க்குப் போட்டால் 776.3 வரும். ரிம் ஒரு இஞ்ச் மாறியும் சக்கரத்தின் மொத்த உயரம் ஒரு மில்லிமீட்டர்தான் மாறியிருக்கிறது. மகிந்திராவின் எக்ஸ்யூவி 700இலும் இப்படித்தான். கீழ் வகைக்கு 235/65 ஆர்17, மேல் வகைக்கு 235/60 ஆர்18. உயரம் 737.3, 739.2. வண்டியைச் செய்தவர்கள் ரிம்மை மாற்றும்போது எதை மாற்றாமல் காக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மொத்த உயரம் மாறினால் என்ன ஆகும்? இதே ஃபார்ச்சூனருக்கு 20 இஞ்ச் ரிம் போட்டு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று 275/55 ஆர்20 டயர் மாட்டுகிறோம் என்று வையுங்கள். உயரம் 810.5 மி.மீ. பழையதைவிட நாலரை சதவீதம் அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசலாம். ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போவதால், ஸ்பீடோமீட்டர் பழைய கணக்கைவிடக் குறைத்தே காட்டும். சரியாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டராக இருந்தால், அது 80 என்று காட்டும்போது வண்டி போவது ஏறக்குறைய 84. ஓடிய கிலோமீட்டர் கணக்கும் பிசகும். வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், மூன்றைத் தாண்டவே கூடாது என்பது டயர்க்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு.

உயரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ரிம் வளர வளர பக்கச்சுவர் குறைய வேண்டும். 20 இஞ்சுக்கு 265/50 சரியாக வரும். உயரம் 773, பக்கச்சுவர் 132.5 மி.மீ. 22 இஞ்சுக்கு 265/40; உயரம் 770.8. மச்சானுக்குப் போட்டுக்கொடுத்தது இதைத்தான். உயரக் கணக்கில் குறையே சொல்ல முடியாது. பக்கச்சுவர் மட்டும் 159இல் இருந்து 106 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. பாரம் ஏறி டயர் கொஞ்சம் அமுங்கி நிற்கும்போது இன்னும் குறையும். அதுதான் ஆசானின் நான்கு விரல்.

குழியின் விளிம்பில் மோதும்போது அடியைத் தாங்குவது பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்று. அது போதாமல் போனால் டயரின் சுவர், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கும். உள்ளே ஓடும் நூலிழைகள் அறும். அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவதால் வீக்கம் வரும். வீங்கிய டயருக்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. அது எந்த நேரத்திலும் வெடிக்கலாம். “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது பலரும் பார்க்காமல் விடும் எண். அளவுக்குப் பக்கத்தில் 110எச் என்பதுபோல ஒன்று இருக்கும். 110 என்பது பாரக் குறியீடு: சரியான காற்று இருந்தால் அந்த ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். எச் என்பது வேகம்; மணிக்கு 210 கி.மீ. வரை. பக்கச்சுவர் குறைந்தால் காற்றின் கொள்ளளவு குறையும், தாங்கும் எடையும் இறங்கும். 265/40 ஆர்22இல் வழக்கமாக வருவது 106. அதாவது 950 கிலோ. டயர் ஒன்றுக்கு 110 கிலோ குறைவு. அதுவும் எக்ஸ்.எல். என்று போட்ட கூடுதல் பார டயராக இருந்தால்தான். எக்ஸ்.எல். டயர் அந்த எடையைத் தாங்கக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும். கல்யாணத்துக்கு ஏழு பேர் ஏறி, பின்னால் சாமான் திணித்துப் போகும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கம்பெனி கொடுத்த பாரக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

ரிம்மின் அகலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 265/60 டயர் ஏழரை முதல் ஒன்பதரை இஞ்ச் அகல ரிம்மில் உட்காரும்; 265/40க்கு இன்னும் அகலமான ரிம் வேண்டும். வேண்டியதைவிட ஒடுங்கிய ரிம்மில் டயர் நடுவில் பிதுங்கி, பட்டன் நடுவாக்கில் தேயும். போல்ட் துளைகளின் கணக்கு சரியாக இருந்தாலும் (ஃபார்ச்சூனருக்கு ஆறு துளை, 139.7 மி.மீ.) நடுத்துளை ஹப்பில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், தளர்வாக இருந்தால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லும் ஆஃப்செட் பெரிதாக மாறினால் வீல் பேரிங்குக்குக் கேடு.

இன்னொன்று மழை. இடவப்பாதி, துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் கொட்டும் மண் நம்முடையது. தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். ‘அகலமாக இருந்தால் பிடிப்பு அதிகம்’ என்பது காய்ந்த சாலையின் கதை. பட்டன் ஆழம் கார்களுக்கு 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. பட்டன் இடுக்குகளில் அந்த உயரத்துக்கு ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது.

சட்டம் என்றதும் ஒன்று. எங்கள் சாலையில் கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 எண் வண்டிகள் எல்லாம் கலந்தே ஓடும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் 1956இல் போட்ட எல்லைக் கோடு பல விஷயங்களைப் பிரித்தது. மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கு டயர் பற்றியது இல்லை. ஆனாலும் தயாரிப்பாளர் சோதித்துச் சான்று பெற்ற வடிவத்தைவிட்டு விலகாதே என்ற அதன் அடிப்படை, சக்கரத்தைத் தொடுகிறவர்களுக்கும் பாடம்தான். செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு க்ளெய்ம் சிக்கலில் மாட்டலாம்.

என் முடிவு இது. உங்கள் வண்டியின் மேல் வகைக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவு எதுவோ, அதோடு நில்லுங்கள். 17 இருந்தால் 18. எங்கள் சாலைகளுக்கு 20 என்பதே அதிகம், 22 வேண்டாம். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களின் ஊர் இது. டயருக்குள் இருக்கும் ரப்பரின் அருமை நமக்குத் தெரியும். ஒரு மாதத்தில் வீங்கிப்போன டயருக்கு எத்தனை கிலோ ரப்பர் ஷீட் விற்க வேண்டும் என்ற கணக்கும் தெரியும்.

மச்சான் பழைய 18 இஞ்ச் ரிம்முக்கே திரும்பிவிட்டார்.

நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். தூணில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் இருக்கும் பாரக் குறியீட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தயாரிப்பு வாரமும் ஆண்டும் சொல்லும் நான்கு இலக்கம் என்ன என்று பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் டயர் வாங்காதீர்கள்.