உப்புக் குறைந்ததா? நீர் மிகுந்ததா?

"தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் பேச்சுத் தடுமாறுகிறது" என்று நம் இல்லங்களில் சொல்லக் கேட்கிறோம். சென்ற வாரம்வரை பேரப்பிள்ளைகளைப் பெயர் பிழையாமல் அழைத்தவர், இன்று பகலா இரவா என்று அறியாமல் விழிக்கிறார். சோறு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறது என்கிறார், நடையிலும் தள்ளாட்டம். பழியை முதுமையின் மேல் போட்டுவிட்டு வீட்டார் அமைதியாகிவிடுகின்றனர். ஆனால், முதுமை ஒருவரை ஒரே வாரத்தில் இப்படி மாற்றிவிடுவதில்லை. இத்தகைய திடீர் மாற்றத்திற்கு இரத்தத்தில் சோடியம் குறைந்தது காரணமாக இருக்கலாம். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டிவிடும்.

சோடியம் என்பது நாம் உண்ணும் உப்பின் ஒரு கூறு. நலமாயுள்ளவரின் இரத்தத்தில் அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும். 125க்குக் கீழே இறங்கினால் அது கடுங்குறைவு. சோடியம் குறையும்போது நீரானது உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மற்ற உறுப்புகள் சற்று வீங்கினாலும் இடமுண்டு. மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு இடமில்லை. ஆகவேதான் தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியன தோன்றி, முற்றிய நிலையில் வலிப்பும் நினைவிழப்பும் நேருகின்றன.

"உப்புக் குறைந்துவிட்டது" என்று மருத்துவர் சொன்னவுடன், உணவில் உப்பைக் கூட்டினால் போதும் என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணமே பலரை வழிதவறச் செய்கிறது. கஞ்சியில் உப்புச் சுவை குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உப்பைக் குறைத்துப் போடலாம். அல்லது உப்பு போட்டபடியே இருக்க, நீரை மிகுதியாக ஊற்றிவிடலாம். உடலில் அடிக்கடி நிகழ்வது இரண்டாவதே. உடலின் நீரையும் உப்பையும் அளவோடு வைத்திருப்பது ஹார்மோன்களின் பணி. அவை நிலை பிறழும்போது சோடியமும் பிறழ்கிறது.

நீரைத் தேக்கும் ஹார்மோன்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் எனும் ஹார்மோன் வெளிப்படுகிறது. நீரை வெளியே விடாதபடி சிறுநீரகங்களுக்குக் கட்டளையிடுவது இதுவே. உடலில் நீர் குன்றும்போது இது சுரக்கும். நீர் மிகுந்தால் அடங்கிவிடும். சிலருக்கோ, அடங்க வேண்டிய வேளையிலும் சுரந்துகொண்டே இருக்கிறது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடரிக் பார்ட்டர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும், நுரையீரல் புற்றுநோய் கண்ட இருவரிடம் இந்நிலையைக் கண்டு விவரித்தனர். நிமோனியா, காசநோய், மூளைக் காய்ச்சல் ஆகியவையும், வலிப்புக்குத் தரப்படும் கார்பமாசெபைன், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் இதைத் தூண்டக்கூடும்.

அட்ரினல் சுரப்பியின் தளர்ச்சி

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். இவை சுரக்கும் அல்டோஸ்டிரோன் உப்பைக் காக்கிறது. கார்டிசால் நோயையும் அதிர்ச்சியையும் தாங்கும் வலுவைத் தருகிறது. இச்சுரப்பிகள் அழிவதால் வரும் நோயை 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். காசநோய் இதற்கு ஒரு முக்கிய காரணம். உடல் மெலிவு, எழுந்து நின்றால் மயக்கம், உப்பின்மீது அளவற்ற நாட்டம், ஈறுகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் படரும் கருமை ஆகியன இதன் அடையாளங்கள். 1961இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜான் கென்னடிக்கு 1947இல் இந்நோய் கண்டறியப்பட்டது. குறைந்த ஹார்மோனை மருந்தால் ஈடுசெய்தே அவர் தம் பணிகளை ஆற்றினார்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர், மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தினாலும் உடலில் கார்டிசால் இல்லாமற் போகும். அதனாலும் சோடியம் இறங்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மறந்துபோன மகப்பேறு

தாய்மாரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பருத்திருக்கும். பிரசவத்தில் பெருமளவு இரத்தம் போனால், அச்சுரப்பி இரத்த ஓட்டமின்றி அழிந்துவிடக்கூடும். இதை 1937இல் ஆங்கில மருத்துவர் ஹெரால்டு ஷீஹன் விரிவாக எழுதினார். அந்தத் தாய்க்குப் பால் சுரப்பதில்லை, மாதவிலக்கு திரும்புவதில்லை, தீராத சோர்வு. பல ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலோ வாந்தியோ வரும்போது, சோடியம் சரிந்து நினைவிழந்து விழுகிறார். கார்டிசால் இன்மையால் வாசோபிரெசின் மிகுந்து நீர் தேங்குவதே இதன் காரணம். தைராய்டு சுரப்பி மிகவும் தளர்ந்த சிலருக்கும் சோடியம் குறைவதுண்டு.

காரணத்தைக் காணும் முறை

சோடியத்தோடு பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகச் செயல் ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். இரத்தத்தின் செறிவையும் சிறுநீரின் செறிவையும் ஒப்பிடுவார். இரத்தம் நீர்த்திருக்க, சிறுநீர் செறிந்திருந்தால், உடல் நீரை வீணே தேக்குகிறது என்பது புலனாகும். காலை 8 மணியளவில் எடுக்கும் இரத்தத்தில் கார்டிசால் அளவு தெரியும். ஐயமிருப்பின் ஊசி மருந்தால் சுரப்பியைத் தூண்டியும் சோதிப்பர். பொட்டாசியம் உயர்ந்திருந்தால் அட்ரினல் நோயை ஐயுற வேண்டும். தைராய்டைப் பொறுத்தவரை டி.எஸ்.எச். மட்டும் போதாது, பிட்யூட்டரி கெட்டிருந்தால் அது இயல்பாகவே காட்டி ஏமாற்றலாம். ஆகவே தைராக்சின் அளவையும் பார்ப்பர்.

காரணம் தெரிந்தாலே சிகிச்சை தெரியும். வாசோபிரெசின் மிகுந்தவருக்கு நீரைக் குறைப்பதே முதல் மருந்து. கார்டிசால் இல்லாதவருக்கு அதைக் கொடுப்பதே உயிர்காப்பு. கார்டிசாலும் தைராக்சினும் ஒருங்கே குறைந்திருந்தால், கார்டிசாலை முதலில் தர வேண்டும். நெடுநாளாய்க் குறைந்திருந்த சோடியத்தை விரைந்து உயர்த்தினால் மூளை நரம்புகள் சேதமுறும். எனவே ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி மருத்துவர் காப்பார். வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுப்பது இதற்கு மாற்றாகாது.

இதில் குடும்பத்தார்க்கும் பெரும் பங்கு உண்டு. நினைவு தடுமாறியவர் தம் வரலாற்றைச் சொல்ல இயலாது. அவருக்காக நாமே பேச வேண்டும். அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்வோம். அண்மையில் எதையேனும் நிறுத்தினாரா, முன்பு காசநோய் இருந்ததா என்று சொல்வோம். நோயாளி ஒரு தாயானால், அவர் பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போனதா, பிள்ளைக்குப் பால் கொடுத்தாரா என்பதையும் தயங்காமல் கூறுவோம். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அந்தப் பழைய செய்தி, இன்று அவர் உயிரைக் காக்கக்கூடும்.