கத்தி வைக்கும் முன் தட்டிப் பாருங்கள்

"கரண்ட் அடிச்ச மாதிரி பாதம் வரைக்கும் சுள்ளுங்குதுங்க." கெண்டைக்காலில் சின்னக் கட்டியோடு வருபவர் இப்படிச் சொன்னால், அந்தக் கட்டியை மருத்துவர் விரலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டியதும் அதே சுள்ளென்ற ஓட்டம் வந்தால் அது வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்காது. நரம்பில் முளைத்ததாக இருக்கலாம். முதல் உலகப் போரில் நரம்பு அறுந்த வீரர்களைக் கவனித்து, பிரான்ஸின் ஜூல் டினெல் 1915இல் எழுதிய சோதனை இது. இன்னொரு அடையாளமும் உண்டு. நரம்புக் கட்டி இடவலமாக அசையும், மேலும் கீழும் நகராது. இரு முனையிலும் நரம்பு அதைப் பிடித்திருக்கிறதே!

முதுகுத்தண்டின் அருகிலிருந்து பாதம் வரை இறங்கும் நரம்பிழை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லின் நீட்சி. நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். அதன் நெடுகிலும் துண்டு துண்டாக உறை போர்த்துபவை ஷ்வான் செல்கள். அந்த உறை இருப்பதால்தான் விரலை அசைக்கும் கட்டளை நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்தச் செல்களில் ஒன்று அடக்கமின்றிப் பெருகத் தொடங்கினால் உருவாவது ஷ்வானோமா. இது புற்றுநோய் அல்ல. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும்.

ஆழத்தில் இருந்தால் கைக்குத் தட்டுப்படாது. முதுகு டிஸ்க் கோளாறு, குதிகால் வலி என்று நினைத்தே வைத்தியம் நடக்கும். நம் ஊரில் தொழுநோயையும் மறக்கக் கூடாது. அதிலும் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் நரம்பு தடிக்கும். உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தோலைப் பார்த்துவிட வேண்டும். பிறகு அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ. நரம்பு கட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது படத்தில் தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனக்குப் பெரும் கவலை, கொழுப்புக் கட்டி என்று நம்பி மரப்பு ஊசி போட்டு அவசரமாக அறுப்பதுதான். நல்ல நரம்பும் சேர்ந்து அறுபட்டால், இடத்தைப் பொறுத்து, பாதம் தொங்கிப்போகலாம், உள்ளங்கால் மரத்துப்போகலாம்.

நூல் சிட்டத்தில் ஓரிழையில் விழுந்த முடிச்சு மற்ற இழைகளை ஒதுக்குவதுபோல, ஷ்வானோமா பிற நரம்பிழைகளை ஓரமாகத் தள்ளியே வளர்கிறது. அதனால்தான் அதைத் தனியே உரித்தெடுக்க முடிகிறது. கோவையில் 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, அறுந்த விரல்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒட்டவைப்பதில் பேர்பெற்றது. நரம்புக் கட்டிக்கும் அதே நுண்மை வேண்டும். கட்டியின் மேலுறையில் சிறு மின்தூண்டலைத் தொட்டுத் தொட்டுப் போவார்கள். தசை துடிக்கும் இடம் உயிருள்ள நரம்பு. அங்கே கத்தி போகாது. துடிக்காத இடத்தில் நீளவாக்கில் கீறி, கட்டியை முழுதாக வெளியே எடுப்பார்கள்.

நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகை இப்படி எளிதில் பிரியாது. நரம்பிழைகள் அதன் ஊடாகவே ஓடும். எடுத்த கட்டி எது என்பதை நோய்க்கூறு ஆய்வகம் உறுதிசெய்யும். ஷ்வானோமாவாக இருந்தால் மறுபடி வளர்வது அரிது. சில மாதங்கள் மரமரப்பு இருக்கலாம். உடலில் பல கட்டிகள் இருந்தால் மரபணுக் காரணத்தைத் தேட வேண்டும்; திடீரென வேகமாகப் பெருத்தாலோ இரவிலும் வலி விடாவிட்டாலோ தாமதிக்காமல் காட்ட வேண்டும்.